மோட்டார் பக்கிரி நிறுத்தி வைத்த மாத்திரை

மதகடிப்பட்டுச் சந்தைத் திடலுக்கு எதிர்வரிசையில், டயர் கடைக்கும் சிக்கன் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நாலு பழைய மோட்டார் வயிறு திறந்து கிடக்கும், அதுதான் பலகை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கொல்லையில் போர் மோட்டார் புகைந்தாலும் "பக்கிரிகிட்ட தூக்கினு போ" என்பார்கள். கருகின செம்புக் கம்பியை வெட்டி உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, மோட்டாருக்குள் இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருகிற வேலை. காயில் கட்டுவது என்பார்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கிரிக்கு அதுதான் சோறு.

ஆள் கொஞ்சம் கடுகடுப்பு. சுற்று எண்ணும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இடதுகை ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவார். மீறிப் பேசினால் தொலைந்தது. கம்பியை அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார், அந்தத் தாமதத்துக்கும் பேசினவரையே திட்டுவார். அவர் ஊரான கலிதீர்த்தாள்குப்பத்தில் அஞ்சு காணி கரும்பு வைத்திருக்கிற சுப்பராயலு பெரிய மனுஷர்தான். அவரே ஒருநாள் "இன்னா பக்கிரி, மழை வருமா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படியும் அவர் வேறு கடைக்குப் போகவில்லை. பக்கிரி கட்டின காயில் ஏழு வருஷம் ஓடும். மனுஷன் எப்படி இருந்தால் என்ன?

முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒன்பது வயதில் வந்தது. அவருக்கு வந்த அதே வாரம் தங்கச்சி அஞ்சலைக்கும் வந்தது. அஞ்சலைக்கு ஆறு வயது. காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. அப்பன் பயந்துபோய் ஊர் வாய்க்கெல்லாம் காது கொடுக்காமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது. ஊசி போட்டதால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. முற்றிப்போன பிறகு போட்ட ஊசி என்ன செய்யும் என்று ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. பக்கிரி அந்தத் தெருவில்தான் வளர்ந்தார், அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்.

சரி, அவர் கண்ணுக்கு வந்த கதைக்கு வருவோம். போன ஐப்பசியில் தீபாவளி முடிந்த நாலாம் நாள் தலைவலி பிடித்தது. மண்டைக்குள் உளி வைத்துத் தட்டுகிற வலி. இரண்டு காதிலும் மோட்டார் ஓடுகிற இரைச்சல். ஓடாத மோட்டாரையெல்லாம் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், பாவம். பிறகு கண் சிவந்தது. வெயிலைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி குத்தியது.

"மெட்ராஸ் ஐ" என்றார் மருந்துக்கடைக்காரர். சொட்டு மருந்து ஒன்றைக் கையில் திணித்தார். மனைவி ஆதிலட்சுமி கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டு, "யாரையும் நேருக்கு நேரா பாக்காதீங்க, ஒட்டிக்கும்" என்றாள். ஒரு வாரம் இப்படியே ஓடியது. ஊரில் பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரிகிற காலம் அது. அவர்களுக்கெல்லாம் அஞ்சாம் நாள் சரியாகிவிட்டது. இவருக்கு மட்டும் உலகமே வார்னிஷ் ஊறின மங்கல் தாளுக்குப் பின்னால் போய்விட்டது.

அப்போதும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சுப்பராயலுவின் மோட்டாரைக் கட்டி அனுப்பினார். சிவப்பு முனையையும் மஞ்சள் முனையையும் மாற்றி இணைத்திருக்கிறார். ஒரு மணி நேரம் ஓடவில்லை, புகைந்துவிட்டது. சுப்பராயலு டிராக்டரில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று கத்தினார்.  பக்கிரி கையால் தடவித் தடவி அந்த முனைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் சுப்பராயலுவுக்கே கத்த மனசு வரவில்லை. "யோவ், கண்ணு தெரியலியா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் மகள் கல்பனா கம்பெனிக்கு லீவு போட்டாள். இருபத்திரண்டு வயது, திருபுவனை எலெக்ட்ரானிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அப்பனுடைய முன்கோபம் அப்படியே அவளிடம். "மருந்துக் கடக்காரன் இன்னா டாக்டரா? கெளம்புப்பா" என்று பஸ்ஸில் ஏற்றிப் பாண்டிக்குக் கூட்டிப் போனாள்.

பெரிய கண்ணாஸ்பத்திரியில் காலையில் போட்ட சீட்டுக்கு மதியம் கூப்பிட்டார்கள். டாக்டர் ஸ்டெல்லா நாற்பது வயது இருக்கிற அம்மாள், நிதானமான பேச்சு. முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லிக் கோடு மாதிரி ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது மெட்ராஸ் ஐ இல்லீங்க. அது கண்ணோட மேல்பக்கத்துல வர்றது, தானா போயிடும். இது கண்ணுக்குள்ள வர்ற அழற்சி. யூவியைடிஸ்னு சொல்லுவோம். ரெண்டு கண்ணும் உள்ள வீங்கி, பின்னாடி விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது."

"வார்னிஷ் வாடை ஒத்துக்கலியா டாக்டரம்மா?"

"வெளியில இருந்து ஒண்ணும் வரல. நோயோட சண்டை போடுறதுக்குன்னு நம்ம உடம்புல அணுக்கள் இருக்கு. அதுங்க ஆள் தெரியாம உங்க கண்ணையே போட்டு அடிக்குது. கண்ணுல நிறம் குடுக்குற அணு இருக்கே, அது காதுக்குள்ளயும் இருக்கு. அதான் காதுலயும் சத்தம். ஏன் வருதுன்னு கேட்டா முழுசா எங்களுக்கே தெரியாது. அடக்குறது எப்படின்னு தெரியும். என்ன வேலை செய்யிறீங்க?"

பக்கிரி சொன்னார்.

"அப்ப உங்களுக்குச் சுலபமா புரியும். மோட்டார் சூடாகிட்டிருக்கு. இப்பவே குளிர வெச்சா காயில் தப்பிக்கும். விட்டா கருகிடும்."

பக்கிரிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "கருகுனா உருவிப் போட்டுட்டு வேற கட்டிடுவனே."

டாக்டர் சிரிக்கவில்லை. "கண்ணுல வேற கட்ட முடியாதுங்க" என்றார்.

மூன்று நாள் படுக்கவைத்து ஊசி மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். பிறகு தினம் காலையில் சாப்பாட்டுக்கு மேல் ஆறு மாத்திரை. ஸ்டீராய்டு. அதோடு வேறு ஒரு மாத்திரை, கண்ணுக்கு இரண்டு சொட்டு மருந்து, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. ஆறை அஞ்சாக்கி, அஞ்சை நாலாக்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்குவார்களாம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் ஸ்டெல்லா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நல்லா தெரியுதுன்னு நிறுத்தக் கூடாது. முகம் ஊதுதுன்னு நிறுத்தக் கூடாது. நான் சொல்லாம ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. திடீர்னு விட்டா கண்ணும் போகும், உடம்பும் தாங்காது. வீட்டுல யாருக்காவது காய்ச்சல், அம்மை எது வந்தாலும் உடனே எனக்கு ஒரு போன் பண்ணணும். புரியுதா?"

"புரியுது" என்றார் பக்கிரி. கல்பனா நம்பரை போனில் ஏற்றிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் சுவரில் இருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. மறுநாள் அதற்குக் கீழே இருக்கிற ராகுகாலம் தெரிந்தது. பக்கிரி ஆதிலட்சுமியைக் கூப்பிட்டு ராகுகாலத்தைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தைப் பொங்கலுக்குள் தலைமுடி கனத்துக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். முதல் வேலையாகச் சுப்பராயலுவின் மோட்டாரைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாத்திரை சும்மா விடுமா? அகோரப் பசி. ஆறு தோசை தின்றுவிட்டு ஏழாவதுக்குக் கல்லைப் பார்ப்பார். முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டது. சந்தைக்கு வந்தவர்கள் "இன்னா பக்கிரி, மாமியார் வூட்டு விருந்தா?" என்று கிண்டல் பண்ணினார்கள். நோயின் வேலையாக இமைமுடியும் ஒவ்வொன்றாக வெளுத்தது. முன்கோபம் இரண்டு மடங்காயிற்று. ஆனால் ஒரு நாள் தவறவில்லை. காலை எட்டுமணிக்குக் கையை நீட்டுவார், ஆதிலட்சுமி எண்ணி வைப்பாள். நாலு மாதம் இப்படி ஒழுங்காகப் போனது. நாலே மாதம்.

மாசி கடைசியில் கல்பனா ஷிப்டிலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தாள். விடிந்து பார்த்தால் கழுத்திலும் முதுகிலும் நீர்முத்து. ஆதிலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. உள்ளறையில் வேப்பிலையைப் பரப்பி மகளைக் கிடத்தி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கிண்ணத்தில் வைத்தாள். வெளியாள் யாரும் வாசல் தாண்டக் கூடாது. கல்பனாவோடு வேலை பார்க்கிற சரண்யா மட்டும் தினம் ஜன்னலோரம் வந்து நின்று இளநீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

"ந்தா பாருங்க" என்றாள் ஆதிலட்சுமி புருஷனிடம், "ஆத்தா போற வரைக்கும் மருந்து வாடையே வூட்டுக்குள்ள ஆகாது. உங்க மாத்திரையெல்லாம் கடைக்கு எடுத்துனு போயி அங்கியே போட்டுக்குங்க. மறக்காம போடுங்க, டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

அவளைக் குறை சொல்ல முடியாது. கடையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள், அவ்வளவுதான். பக்கிரியும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். இட்லி தின்றார். ஆறிலிருந்து நாலாக இறங்கியிருந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

அஞ்சலை ஞாபகம் வந்துவிட்டது. அப்பன் தோளில் தலை தொங்கிக்கொண்டு போன அந்தக் குழந்தை. வீட்டுக்குள் ஆகாது என்றால் கடையில் மட்டும் ஆகுமா? அப்பனான என் வயிற்றில் மருந்து இருந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற மாதிரிதானே? ராத்திரி அதே கூரைக்குக் கீழேதானே போய்ப் படுக்கப் போகிறோம்? அன்றைக்கு எங்கப்பன் மருந்தைத் தேடிப் போனான், அஞ்சலை போனாள். இன்றைக்கு நான் தின்று தொலைத்து, என் பிள்ளைக்கு எதாவது ஆகிவிட்டால்?  மாத்திரைகளைத் திரும்பப் பையில் போட்டார். பையைக் கம்பிச்சுருள் வைக்கிற டிராயருக்குள் தள்ளினார். "எம்மா, நான் விட்டுட்டேன். எம்பொண்ணு மேல கை வெக்காத. அவ மூஞ்சில ஒரு பொட்டு வெக்காத" என்று மோட்டார்களுக்கு நடுவில் நின்று கும்பிட்டார்.

அந்தத் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. மனைவியிடம் சொல்லியிருந்தால் "யாருய்யா உன்ன அப்படிப் பண்ணச் சொன்னது?" என்று சண்டைக்கு வந்திருப்பாள். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் பக்கிரி வேண்டுதலை வெளியே சொல்கிற ஆள் இல்லை. மூன்றாவது தண்ணி ஊற்றுகிற வரைக்கும் பதினோரு நாள்தானே, தாங்கும் என்று நினைத்தார். நாலு மாதமாகக் கண் நன்றாகத் தெரிகிறது, இன்னும் என்ன என்றும் நினைத்தார். நல்லா தெரியுதுன்னு நிறுத்தக் கூடாது என்றுதான் அந்த அம்மாள் முதல் வாக்கியமே சொன்னார்.

மூன்றாம் நாள் உடம்பு துவண்டது. காயில் இறக்குகிற ஸ்டேட்டர் கூட்டைத் தூக்க முடியவில்லை. அஞ்சாம் நாள் வாந்தி. எழுந்தால் கிறுகிறுவென்று வந்தது. ஆத்தா சோதிக்கிறாள் என்று தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். எட்டாம் நாள் தலைவலி திரும்பி வந்தது. ஒன்பதாம் நாள் காதில் அந்த மோட்டார் ஓட ஆரம்பித்தது. பக்கிரிக்குத் தெரியாமல் இல்லை.  டிராயரைத் திறந்தார், மூடினார். இன்னும் இரண்டே நாள், இப்போது தின்று காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பதினோராம் நாள் மூன்றாவது தண்ணி ஊற்றினார்கள். வேப்பிலைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, மஞ்சள் புடவையில் கல்பனா முற்றத்து வெயிலில் வந்து நின்றாள். ஏற்கெனவே பனி மூட்டத்தில் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. பக்கிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே போய், மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியில் இல்லை, மூக்கில் இல்லை, கன்னத்தில் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மகள் முகத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் காலையிலேயே டிராயரிலிருந்து பையை எடுத்து மாத்திரையை ஆரம்பித்தார். ஐப்பசியில் வந்தது திரும்பவில்லையா, இதுவும் திரும்பும் என்ற தைரியம். ஐப்பசியில் திரும்பினது டிரிப்பில் ஏறின மருந்தால், கூடவே ஆறு மாத்திரையால்; இந்த நாலு மாத்திரைக்கு எரிகிற நெருப்பு அடங்காது. பங்குனி முழுக்க ஒன்றும் சொல்லாமல் ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதி வந்தபோது சந்தை நாள் என்றார், அடுத்த வாரம் என்றார். உண்மையான காரணம் வெட்கம். டாக்டரம்மா கேட்பாரே, என்ன சொல்வது?

மெல்லிய கம்பி தெரியாததால் தடித்த கம்பி போடுகிற பெரிய மோட்டார்களாக எடுத்தார். பிறகு அதுவும் கட்டாமல் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துச் சமாளித்தார். சித்திரையில் ஒரு சனிக்கிழமை கல்பனா சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்தாள். அப்பன் சுற்று எண்ணுகிறாரோ என்னவோ என்று பேசாமல் வாசலில் நின்றாள். பக்கிரி நிழலாட்டத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "வாங்க, இன்னா மோட்டாரு?" என்றார்.

கல்பனா தூக்கைக் கீழே வைத்தாள். அவர் முகத்துக்கு எதிரில் கையை ஆட்டினாள். பிறகு அங்கேயே நின்று "ஐயோ அப்பா" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். டயர் கடைக்காரன் ஓடிவந்தான்.

டாக்டர் ஸ்டெல்லா இந்தத் தடவையும் வெகுநேரம் பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லியே டாக்டரம்மா. தெனம் போடுறேன்."

"அந்தப் பையைக் குடும்மா" என்றார் கல்பனாவிடம். அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். எண்ணினார். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரையில் பதினோரு நாள் மாத்திரை அப்படியே இருந்தது. "இது எப்படி மிச்சம்?"

பக்கிரி வேட்டி நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டார். காயில் கட்டின விரல்கள், சும்மா இருக்காது. "வூட்ல ஆத்தா வந்திருந்தா டாக்டரம்மா. பொண்ணுக்கு. மருந்து ஆகாதுன்னு... நான் தின்னா அவளுக்கு எதுனா ஆயிடுமோன்னுதான்..." என்று இழுத்தார். "எந்தங்கச்சிக்கு அப்படித்தான் ஆச்சு."

 கல்பனா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு வந்ததா? காய்ச்சல் ரொம்ப இருந்ததா? மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

அந்த அறையில் கல்பனா பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்குள் பொய் இருக்கத்தான் இருந்தது. ஆனால் மேசை மேல் அந்த அட்டைகள் கிடந்தன. "சாப்ட்டேன் மேடம்" என்றாள். "ஏழு நாள். தெனம் அஞ்சு மாத்திர. கம்பெனி டாக்டரு சரண்யாகிட்ட எழுதிக் குடுத்தாரு. சரண்யா எளநீ குடுக்கும்போது ஜன்னல் வழியா குடுத்துடுவா. வேப்பிலைக்கு அடியில வெச்சிருந்தேன். அம்மாவுக்குத் தெரியாது."

"நீ செஞ்சது சரிதாம்மா" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதைவிடக் கொடுமையாக வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது.

 அஞ்சலை செத்த பிறகு நாற்பது வருஷமாகப் பக்கிரி நம்பினது ஒன்று. அது அந்த உள்ளறையில், வேப்பிலைக்கு அடியில், ஏழு நாளும் உடைந்துகொண்டிருந்திருக்கிறது. ஆத்தாவும் கோபிக்கவில்லை, பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் டிராயரை மூடிக் கும்பிட்டது யாருக்கு?

மறுபடியும் டிரிப், மறுபடியும் ஆறு மாத்திரை, கண்ணுக்குள் ஒரு ஊசி. பத்து நாள் கழித்து டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். வலது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். இடது கண்ணில் எதிரில் நீட்டின விரல்களை எண்ணலாம், அதற்கு மேல் இல்லை. உள்ளே கருகின இடம் கருகினதுதான். "இருக்கிற கொஞ்சத்தைக் காப்பாத்தணும்னா மருந்து தொடரணும். இனிமே ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். பக்கிரி தலையாட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள் கல்பனா. வில்லியனூர் வரைக்கும் மடியில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லப்பா? ஏன்ப்பா கேக்கல?" என்று அவர் தோளில் அடித்தாள். நிஜமாகவே அடித்தாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லடி? ஏண்டி சொல்லல?" என்றார் அவர்.

"நீ அம்மாகிட்ட சொல்லிடுவன்னு பயந்துனு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் பயந்தேன், போ."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டதால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. மதகடிப்பட்டில் இறங்கும்போது பக்கிரி, "மூஞ்சில எதுனா தழும்பு தெரியுதா உனக்கு? இப்ப?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றாள். அவர் நம்பாமல் கையால் தடவிப் பார்த்தார். காயிலில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற விரல்கள். இருந்தால் அகப்பட்டிருக்கும்.

கடையை இப்போது டயர் கடைக்காரன் பழைய டயர் போட்டு வைக்க எடுத்துக்கொண்டான். பக்கிரி வீட்டில்தான் இருக்கிறார். கைக்கு வேலை வேண்டும் என்று ஒரு பழைய மோட்டாரை மட்டும் எடுத்துவந்து வைத்திருக்கிறார். கம்பியைச் சுற்றுவார், உருவுவார், மறுபடி சுற்றுவார். எதற்கும் ஓடாத காயில். சுப்பராயலு அப்பப்போ வந்து பக்கத்தில் உட்கார்வார். எவ்வளவு பேசினாலும் பக்கிரி திட்டுவதில்லை. அது சுப்பராயலுவுக்குத் தாங்கவில்லை. சீக்கிரமே எழுந்து போய்விடுவார்.

ஆதிலட்சுமிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. நோய் முற்றிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனுக்குச் சாத்துவதற்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி வந்தாள். புறப்படுகிற காலையில் பக்கத்து வீட்டு ருக்குமணி எட்டிப் பார்த்தாள். ஆதிலட்சுமி அந்த இரண்டு வெள்ளிக் கண்ணையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"எம்பொண்ணுக்கு வந்தப்ப ஒரு மாத்திர உண்டா, ஒரு ஊசி உண்டா சொல்லு ருக்கு. வூட்டுக்குள்ள மருந்து வாடையே சேக்கல. ஆத்தா பூ மாதிரி எறங்கினா. அவ மூஞ்சியப் பாரு, ஒரு பொட்டுத் தழும்பு இருக்குதா? அவளக் காப்பாத்துனவ இவரு கண்ண உட்டுடுவாளா?"

உள்ளே அப்பனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த கல்பனாவின் கை நின்றது. எழுந்தாள். "அம்மா" என்று கூப்பிட்டும்விட்டாள்.

பக்கிரி இடதுகை ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். சுற்று எண்ணும்போது காட்டுகிற அதே விரல். கல்பனா வாயை மூடிக்கொண்டாள். "இன்னாடி?" என்று வாசலிலிருந்து கேட்டாள் ஆதிலட்சுமி. "ஒண்ணுமில்லம்மா, நீ போயிட்டு வா" என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் போய் அடங்கும் வரைக்கும் பக்கிரி விரலை இறக்கவில்லை. பிறகு மகள் இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி, தணிந்த குரலில் கேட்டார். "அந்த மாத்திரைய ஏழு நாளும் சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"நடுவுல ஒரு வேள கூட உடலியே?"

"இல்லப்பா. ஒண்ணு கூட உடல."

"அதான்டி. அப்படித்தான் சாப்புடணும்" என்றார் பக்கிரி. சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார். கல்பனா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைத்தாள்.